கிணற்றைக் குடித்த கிடா

ஊற்றுப்பட்டியின் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றி, கடைசியாக வெயிலுமுத்துவின் குருவிக் கிணறும் வற்றி, அதன் அடிச்சேற்றில் கிடந்த தவளைகளும் குடியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்ட பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அந்தக் கிணறு தவசியின் பண்ணையில் ஓர் எருமைக் கிடாவின் வயிற்றுக்குள் இருப்பதை வெயிலுமுத்துவின் மனைவி சங்கரவடிவு கண்டுபிடித்தாள். சாணி அள்ளிக்கொண்டிருந்தவளுக்குக் கால் வழுக்கியது. விழாமல் இருக்கப் பக்கத்தில் நின்ற கிடாவின் விலாவைக் கட்டிப்பிடித்தாள், காது அதன் வயிற்றில் அழுந்தியது. உள்ளே தூக்கணாங்குருவிகள் கத்தின. ஈசான மூலைப் பாறை இடுக்கிலிருந்து ஊற்று சொட்டுச் சொட்டாக ஆழத்தில் விழுந்துகொண்டிருந்தது. பெற்ற பிள்ளையின் அழுகை தாய்க்குத் தெரியாதா என்பார்கள். சங்கரவடிவுக்குப் பிள்ளை இல்லை, அந்தக் கிணற்றின் சத்தம் தெரியும்.

அவள் பயப்படவில்லை. காணாமல்போன ஆடு அசலூர்ப் பட்டியில் நின்றால் என்ன செய்வோம், கழுத்தைத் தடவிக்கொடுத்து நாலு வார்த்தை ஏசுவோம், அதைத்தான் அவளும் செய்தாள். “இங்கயா வந்து கெடக்க? ஒன்னய நெனச்சு ஒருத்தரு அங்க சொவரப் பாத்துப் படுத்துட்டாவ, நீ இங்கன நின்னு சொகமா அசபோடுத” என்றாள். கிடா அசைபோட்டது. அவள் மீதிச் சாணியையும் அள்ளிக் குழியில் கொட்டினாள். பண்ணைத் தண்ணீர் கிடாக்களுக்கு மட்டும்தான் என்று உத்தரவு, அதனால் கையை மண்ணில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தாள்.

வெயிலுமுத்து சுவரைப் பார்த்துப் படுத்து மாதக்கணக்காகிவிட்டது. மோட்டார் தண்ணீருக்குப் பதில் சேற்றைக் கக்கிய அன்று வீட்டுக்கு வந்தவர், துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார், அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வைத்தால் உண்பார். தண்ணீரை நீட்டினால் செம்புக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு மிடறு குடிப்பார். காய்ச்சல் என்றால் மாத்திரை உண்டு, பேய் பிடித்தால் வேப்பிலை உண்டு, கிணறு வற்றிப்போன ஆளுக்கு எந்தக் கடையில் மருந்து விற்கிறார்கள்? கொஞ்சம் கொஞ்சமாக அவர் தன்னை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார் என்று சங்கரவடிவுக்குத் தெரிந்தது. அவரை எப்படியாவது இழுத்துப் பிடித்து வைக்க வேண்டும், அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

கைத்தாங்கலாக அவரைப் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கிடாவின் வயிற்றில் அவர் காதை வைத்தார். கண்ணை மூடினார். பண்ணை ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க அவருடைய மீசை லேசாக நடுங்கியது.

“ஏளா வடிவு, தண்ணி மேப்படிக்கு ஏறிட்டுளா” என்றார்.

அவள் அங்கேயே சாணியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பொழுது சாய்வதற்குள் ஊற்றுப்பட்டி முழுக்கப் பண்ணையில் நின்றது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு கிடாவாகக் கட்டிப்பிடித்துக் காதை வைத்துப் பார்த்தார்கள். புளியடிக் கிணறு ஒற்றைக்கொம்புக் கிடாவுக்குள் இருந்தது, புளியம்பழம் தண்ணீரில் விழும் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அண்ணன் தம்பிகள் மூவரின் பங்குக் கிணறு நெற்றியில் வெள்ளை விழுந்த கிடாவுக்குள் இருந்தது. அங்கேயே அவர்களுக்குள் சண்டை மூண்டது, இன்றைக்கு யார் முறை, யார் முதலில் கேட்பது என்று. கடைசியில் பழைய முறைப்படியே திங்கள் செவ்வாய் மூத்தவன், புதன் வியாழன் நடுவுளவன், மிச்சம் இளையவன் என்று பேசி முடித்தார்கள். கால்நடை மருத்துவர் வந்து குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, மாட்டு வயிறு என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும் என்றார், பிறகு குழாயை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். எருமை எமனின் வாகனம்தானே, எமன் இறங்கித் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறான் என்று இளவட்டங்கள் கேலி பேசினார்கள். மறுவாரத்துக்குள் எல்லாம் பழகிவிட்டது. வேலைக்குப் போகிற வழியில் பெண்கள் தங்கள் கிணற்றை ஒரு நடை கேட்டுவிட்டுப் போனார்கள், கட்டிக்கொடுத்த மகள்கள் ஊருக்கு வந்தால் முதலில் அம்மாவையும் பிறகு கிடாவையும் பார்த்தார்கள்.

கிணறு எப்படி உள்ளே போனது என்று மட்டும் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தவசி வேற்றாள் அல்ல, வெயிலுமுத்துவின் அண்ணன் மகன், ஊர்ப்பிள்ளை. கிடாக்கன்றுகளை வாங்கி வந்து கொழுக்க வைத்து, கறி கப்பலேறிப் போகிற பெரிய ஊர்களுக்கு லாரியில் அனுப்புகிற தொழிலை அவன் ஆரம்பித்தபோது ஊரே மாலை போட்டது. மேற்கே இருந்த உடைமரக்காட்டை வெட்டி அவன் கொட்டகை போட்டபோது, விறகுக்காயிற்று என்று ஆளுக்கொரு கட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கம்பும் உளுந்தும் விதைத்த கரிசலில் சீமைப்புல் நட்டால் கரும்புபோல வளரும், அறுக்க அறுக்கத் துளிர்க்கும், தவசியே வந்து அள்ளிக்கொள்வான் என்றதும், நட்டார்கள். வெயிலுமுத்துவும் நட்டார். புல்லுக்குத் தாகம் அடங்கவில்லை, மோட்டார்கள் பகலெல்லாம் ஓடின, கிணற்றுத் தண்ணீர் புல்லுக்குள் போயிற்று, புல் கிடாவுக்குள் போயிற்று. சாணிக்குழி நிரம்பி வழிந்து ஊருணிக்குள் இறங்கி, தண்ணீர் பச்சையாகி, மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. ஆயிரங்கிடாக்களின் ஏப்பமும் மூச்சும் ஊருக்கு மேலே ஒரு போர்வையாக நின்றன. மேற்குமலையில் இருந்து இறங்கி வரும் மேகம் ஊர் எல்லைவரை வரும், அந்தக் காற்றை முகர்ந்து பார்க்கும், வந்த வழியே திரும்பிவிடும். தண்ணீரும் மூன்று பிழை பொறுக்கும் என்பார்கள், அதற்கு மேல் பொறுக்க அதற்கு என்ன தலையெழுத்தா?

பண்ணையில் சங்கரவடிவோடு சாணி அள்ளும் முப்பிடாதிதான் ஒருநாள் போட்டு உடைத்தாள். கீழத்தெருவில் மாடு தின்கிறவர்கள் என்று அவளை ஒரு சொல் சொல்லிவிட்டான் புளியடிக் கிணற்றுக்காரன், அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

“நாங்க தின்னா உழுது ஓஞ்ச மாடு ஒண்ணத் திம்போம் அண்ணாச்சி. தெருவே பங்கு வச்சுத் தின்னாலும் எந்தக் கெணறும் வத்துனதில்ல. இது இங்க திங்குத கறியா? எவனோ எங்கயோ திங்கதுக்கு நீங்க ஒங்க கெணத்த வெட்டி வெட்டிப் போட்டிய, இப்பம் வயித்துல காத வச்சு அழுதிய.”

சங்கரவடிவுக்கு அது சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் புல்லுக் கட்டுகளைத் தலையில் சுமந்து கொண்டுபோய்க் கொட்டியவர்களில் அவளும் ஒருத்தி.

லாரி வருகிற நாள் வந்தது. கிடாக்களை ஏற்றிப்போன முதல் லாரி ஊர் எல்லையைத் தாண்டவில்லை. வளைவில் திரும்பும்போது கிடாக்களின் வயிற்றுக்குள் கிணறுகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து அலையடித்து, வண்டி ஆட்டம் கண்டு, ஓட்டுநர் ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். “கிடா ஏத்துதோம்னு சொல்லிட்டு எனக்குக் கெணத்த ஏத்தி விட்டுட்டேரே, நான் புள்ளகுட்டிக்காரன்யா” என்று கையெடுத்துக் கும்பிட்டான். தவசி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது சங்கரவடிவு போய் முன்னால் நின்றாள்.

“அந்த ஒரு கிடாவ எனக்குத் தந்துருய்யா. ஒஞ் சித்தப்பா அதக் கேட்டுத்தான் உசுரோட இருக்காவ.”

“கொண்டு போங்க சித்தி” என்றான் தவசி. அவன் கெட்டவன் இல்லை, கணக்குத் தெரிந்தவன். “எல்லாரும் அவுகவுக கெணத்த ஓட்டிட்டுப் போங்க. தீனியும் தண்ணியும் ஒங்க பாடு.”

கல்யாணத்துக்குப் பெண் அழைப்பது மாதிரி ஊர் தன் கிணறுகளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போயிற்று. கொம்புக்கு மஞ்சள் பூசினார்கள். வெயிலுமுத்து தன் கிடாவை வறண்டுபோன குருவிக் கிணற்றின் ஓரத்திலேயே முளையடித்துக் கட்டி, மேலே ஓலை வேய்ந்து, கட்டிலையும் அங்கே தூக்கிப்போட்டுக்கொண்டார். பேச்சு திரும்பியது. கல்யாணமான புதிதில் அவள் கிணற்றில் குடத்தைத் தவறவிட்டுவிட்டு மாமியாருக்குப் பயந்து ஒளிந்த கதையைச் சொல்லிச் சிரித்தார். சங்கரவடிவு நெஞ்சு குளிர்ந்து கிடந்தாள்.

கிணறு வந்துவிட்டது, ஆனால் அது உயிருள்ள கிணறு, அதற்குத் தாகம் எடுக்கும். ஒரு வேளை தண்ணீர் காட்டாவிட்டால் வயிற்றுக்குள் சத்தம் இறங்கும், படி படியாக நீர் கீழே போவது காதுக்குத் தெரியும். அதைக் கேட்டுப் பொறுக்க யாரால் முடியும்? ஊர் ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றியது. பஞ்சாயத்து ஆழ்குழாயில் மக்களுக்கென்று விட்ட தண்ணீர் குடம் குடமாகக் கிடாக்களின் வாளிக்குப் போயிற்று. தீனிக்குப் புல் வேண்டுமே என்று காய்ந்த நிலத்தில் மறுபடியும் சீமைப்புல் ஊன்றி, அதற்கும் அதே தண்ணீரை விட்டார்கள். குழந்தைகளைக் குளிப்பாட்டுவது நின்றது, பிறகு துணி துவைப்பது நின்றது. கிணற்றைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் ஒவ்வொருவரும் சொன்னார்கள், அவர்கள் சொன்னதில் பொய்யும் இல்லை. முன்னே ஒரு பண்ணையில் இருந்தது இப்போது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது, அவ்வளவுதான். தவசி பண்ணையில் புதுக் கன்றுகளை இறக்கியிருந்தான்.

ஒருநாள் காலையில் ஆழ்குழாய் வெறும் காற்றை ஊதியது. குடங்களோடு நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, யாரும் சொல்லாமலே, ஆளுக்கொரு கிடாவிடம் போய்க் காதை வைத்தார்கள். எல்லாக் கிடாக்களின் வயிற்றுக்குள்ளும், அவரவர் கிணற்றுக்கும் அடியில், ஆழ்குழாய் இரும்புச் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஊர் தெளிந்தது. தெளிவு வரும்போது எப்போதும் பிந்தித்தான் வருகிறது. அழுதுகொண்டே கிடாக்களைத் திரும்பப் பண்ணைக்கு ஓட்டினார்கள். தவசி வேறு ஓட்டுநர்களைப் பிடித்திருந்தான், அவர்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வண்டியை ஆடாமல் மெதுவாக ஓட்டப் பழகியிருந்தார்கள். புளியடிக் கிணறு போயிற்று. பங்குக் கிணறு போன அன்றைக்கு இளையவனின் முறை, அவன் லாரியின் பின்பலகையில் காதை வைத்தபடி ஊர் எல்லைவரை கூடவே ஓடினான். ஊரில் மிச்சம் நின்றது குருவிக் கிணறு ஒன்றுதான்.

“இதயும் அனுப்பிருவோங்க” என்றாள் சங்கரவடிவு. “பக்கத்தூருக்கு நடந்து போயி ஒரு குடம் கொண்டாரேன். அத நம்ம குடிக்கவா, இது குடிக்கவா?”

“இது குடிக்கட்டும்.”

“நீங்க?”

“அது குடிச்சா எனக்கு நெறஞ்சிருதுளா.”

“அது குடிச்சா நீங்க குடிச்சதா ஆயிருமா? நாக்கு வறண்டு கெடக்கீய, மூத்திரம் மஞ்சளாப் போவுது, பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்!”

வெயிலுமுத்து கிடாவின் முதுகில் ஈயை விரட்டிக்கொண்டே, மெதுவாகச் சொன்னார். “புல்லு நட்டது நாந்தான வடிவு. மோட்டாரப் போட்டதும் இந்தக் கையிதான். கடைசி ஊத்து ஒழியுதவரைக்கும் நாந்தான் எறச்சேன். இதயும் வண்டியில ஏத்திட்டா நான் எங்க போயி நிக்க?”

அவளுக்குக் கோபம் இருந்தது, அந்த ஆளை உலுக்கி எழுப்ப வேண்டும் என்று இருந்தது, தன் பங்குச் செம்பை அவர் வாயில் வலுக்கட்டாயமாகச் சாய்க்கவும் செய்தாள். அவள் அந்தப்பக்கம் போனதும் அவர் மிச்சத்தைக் கிடாவின் வாளியில் ஊற்றினார். வெயில் ஏறிக்கொண்டே போயிற்று, அந்த வருடத்து அக்கினி நட்சத்திரம் முடிந்தும் முடியாத மாதிரி நின்றது. கெட்ட குடியே கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஒரு மத்தியானம் பக்கத்தூரிலிருந்து குடத்தோடு அவள் திரும்பி வந்தபோது, வெயிலுமுத்து கிடாவின் விலாவில் தலைசாய்த்து உட்கார்ந்திருந்தார். வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்தாள். கிடா அவர் விழுந்துவிடாதபடி அசையாமல் நின்றது. ஈ அவருடைய உதட்டில் உட்கார்ந்தும் அவர் விரட்டவில்லை. அவள் குடத்தை மெதுவாக இறக்கிவைத்துவிட்டுத் தரையில் விழுந்தாள்.

சடலத்தை வாசலில் கிடத்தினார்கள். சொந்தபந்தம் வந்தது, மேளம் வந்தது, சங்கு வந்தது. நீர்மாலைக்கு நேரமானபோதுதான் பெரிய சிக்கல் முளைத்தது. செத்தவரைக் குளிப்பாட்டும் தண்ணீரைச் சொந்தக் கிணற்றிலிருந்துதான் மொண்டு வர வேண்டும், கிணறு உள்ளவனுக்கு அதுதான் மரியாதை, அந்தத் தண்ணீர் மேலே விழாமல் போகிறவனுக்குப் போகிற இடத்திலும் தாகம் அடங்காது என்பது ஊரின் நம்பிக்கை. வெயிலுமுத்துவின் கிணறோ ஓரத்தில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. நாட்டாமை தலையைச் சொறிந்தார். சிலர் பக்கத்தூரிலிருந்து டிராக்டரில் வந்த தண்ணீர் போதும் என்றார்கள். ஒருவன் கிடாவை அறுத்துப் பார்த்துவிடலாம் என்று சொல்லி, முப்பிடாதி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

“கெணத்துக்கே போவோம்” என்றாள் சங்கரவடிவு. “வழக்கத்த மாத்தாண்டாம்.”

போனார்கள். நாலு பேர் நாலு முனை பிடித்து வெள்ளை வேட்டியைப் பந்தலாக விரிக்க, அதன் நிழலில் மகன் முறைக்காரன் தவசி வெற்றுடம்போடு குடத்தைத் தோளில் சுமந்து வர, சங்கு முன்னே ஊதிக்கொண்டு போக, நீர்மாலை ஊர்வலம் ஓர் எருமைக் கிடாவின் முன்னால் போய் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. தவசி காலிக் குடத்தைக் கிடாவின் முன்னால் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டிக் கும்பிட்டான். கிடா பெரிய கண்ணால் அவனைப் பார்த்தது. குடம் காலியாகவே இருந்தது. வெயில் தலையைப் பிளந்தது. மேளக்காரர்கள் அடித்து அடித்துக் கை ஓய்ந்து, ஒருவர் பின் ஒருவராக நிறுத்திக்கொண்டார்கள்.

தவசிக்குப் பொறுக்கவில்லை. காரில் வைத்திருந்த தண்ணீர் கேனை எடுத்துவரச் சொல்லி, அவனே திறந்து, குடத்தில் கழுத்துவரை ஊற்றினான். “இத இங்கன இருந்து கொண்டுபோனா இந்தக் கெணத்துத் தண்ணிதான சித்தி” என்றான். “நான் வேற என்ன செய்யட்டும்?”

அவள் வாய் திறப்பதற்குள் கிடா தலையைக் குனிந்து, மூஞ்சியைக் குடத்துக்குள் விட்டது. வாளி காய்ந்து ஒரு பகல் ஆகியிருந்தது அதற்கு. தவசி கயிற்றைப் பிடித்து இழுக்கப் பாய்ந்தான், நாலைந்து பேர் கம்பை ஓங்கினார்கள்.

“விடுங்க” என்றாள் சங்கரவடிவு.

குனிந்து, குடம் சாய்ந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பார். கிடா கண்ணை மூடி, அவசரமில்லாமல், கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிக் குடித்தது. ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. பெண்கள் சிலர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

குடம் காலியானதும் அவள் கிடாவின் வயிற்றில் காதை வைத்தாள். குருவிகள் அடங்கியிருந்தன. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஆழத்தில் ஒரு வாளி மொள்ளும் சத்தம், தண்ணீர் உச்சந்தலையில் விழுந்து தோளில் வழிந்து கல்லில் சிதறும் சத்தம், மறுபடி மொள்ளும் சத்தம். முதல் வாளி விழுந்ததும் குளிர் தாங்காமல் “ஸ்… முருகா” என்று இழுக்கிற ஒரு குரல். நாற்பது வருடம் விடியலில் கேட்ட குரல். அவள் அசையாமல் நின்றாள். யார் யாரோ கூப்பிட்டார்கள், வெயில் இறங்குகிறது, சடலம் தாங்காது என்றார்கள். அவள் கையைப் பின்னால் நீட்டி, பொறுங்கள் என்று காட்டினாள். உள்ளே அவர் நிதானமாக, ஒரு குறையும் வைக்காமல், கை கால் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தார்.

துண்டை உதறுகிற சத்தம் கேட்டபிறகு அவள் நிமிர்ந்தாள்.

“அவுக குளிச்சு முடிச்சிட்டாவ” என்றாள். “தூக்குங்க.”